'கெட்' ஒரு கெட்ட வினையா?

கேள்வி, பிப்ரவரி 3, மாலை

ஆங்கிலப் படங்களுக்குத் தமிழில் வசன வரி (சப்டைட்டில்) எழுதிப் பழகுகிறேன். ஒரு காட்சி. வாசல் மணி அடிக்கிறது, அக்கா எழுந்துகொண்டே 'ஐ வில் கெட் இட்' என்கிறாள். அகராதியில் 'கெட்' என்றால் பெறு, அடை என்று இருக்கிறது. 'நான் அதைப் பெறுவேன்' என்று எழுதினேன், என் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அதே படத்தில் 'ஐ டோன்ட் கெட் இட்', 'கெட் லாஸ்ட்', 'ஐ காட் டு ஸ்டே ஹோம்' எல்லாம் வருகிறது. ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்? ஆங்கிலத்திலேயே அதிகப் பொருள் உள்ள வினை இதுதான் என்று எங்கோ படித்த ஞாபகம். இதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஏதாவது வழி இருக்கிறதா?

பிப்ரவரி 3, இரவு 10.50

தம்பி சிரித்தது நியாயம்தான். ஆனால் நானும் அதே குழியில் விழுந்தவன். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் தொலைபேசி மணி அடிக்கும் காட்சி ஒன்று. பாத்திரம் 'ஐ வில் கெட் இட்' என்று ஓடுகிறது. நான் எழுதியது: 'எனக்குக் கிடைக்கும்'. யாரும் கவனிக்கவில்லை, அப்படியே திரைக்குப் போய்விட்டது. மணி அடிக்கும்போது ஒருவன் 'எனக்குக் கிடைக்கும்' என்று நம்பிக்கையோடு ஓடுவதை நினைத்துப் பாருங்கள். லாட்டரி அடித்த மாதிரி இருந்தது.

வாசல் மணி என்றால் 'நான் பார்க்கிறேன்'. தொலைபேசி என்றால் 'நான் எடுக்கிறேன்'. அவ்வளவுதான். கதவைத் திறப்பதோ யார் என்று பார்ப்பதோ அங்கே சொல்லப்படவே இல்லை, 'அந்த வேலை என்னுடையது, நீ உட்கார்' என்பதுதான் சொல்லப்படுகிறது. 'இட்' என்பது கதவும் அல்ல, தொலைபேசியும் அல்ல, அந்த மணிச் சத்தம் கொண்டுவந்த வேலை.

அதிகப் பொருள் உள்ள வினை 'கெட்' என்றுதான் நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். சரியாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 4, காலை 7.15

சரியில்லை. நேற்று தூக்கக் கலக்கத்தில் ஆமாம் போட்டுவிட்டேன். அந்தப் பட்டம் 'கெட்'டுக்கு இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்'. வினைக்கு மட்டும் 430 பொருள். அப்புறம் திருத்தி எழுதும் வேலையில் 'மேக்', 'புட்' எல்லாம் முந்தின. 2011 வாக்கில் 'ரன்' எல்லாவற்றையும் தாண்டியது. பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் அந்த ஒரு வினையோடு ஒன்பது மாதம் உட்கார்ந்து 645 பொருள் பிரித்தார். ஒன்பது மாதம்! பிள்ளை பெறும் காலம்.

நம்ம 'ஓடு' மட்டும் சும்மாவா என்று உடனே தோன்றியது. வண்டி ஓடுகிறது, படம் ஓடுகிறது, கடிகாரம் ஓடவில்லை, பிழைப்பு எப்படியோ ஓடுகிறது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இதற்கு ஒருவர் ஒன்பது மாதம் உட்கார்ந்தால் எத்தனை தேறும்?

பிப்ரவரி 4, மதியம்

கேள்வி கேட்டவருக்கு: பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யும் வழி வேண்டாம். நான் செய்து பார்த்தேன். ஒரு நோட்டில் 'கெட்'டுக்கு எதிரே தமிழ்ச் சொற்களாக அடுக்கி ஐம்பதைத் தாண்டியதும் நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஐம்பதும் சரிதான். ஆனால் புதிதாக ஒரு வாக்கியம் வரும்போது ஐம்பதில் எது என்று அந்த நோட்டு சொல்லாது.

பிற்பாடு எனக்கு உதவியது ஒரே ஒரு கேள்வி. அவன் செய்தானா, அவனுக்கு நேர்ந்ததா?

நான்கு வாக்கியம் எடுத்துக்கொள்ளுங்கள். 'ஐ காட் எ லெட்டர்.' 'ஐ காட் எ டிக்கெட்.' 'ஐ காட் எ ஜாப்.' 'ஐ காட் எ கோல்ட்.' நான்கிலும் 'ஐ' முன்னால் நிற்கிறது, வினை மாறவே இல்லை. கடிதத்துக்கு நான் எதுவும் செய்யவில்லை, அது தானாக வந்தது. டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றேன். வேலைக்கு அலைந்தேன், கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்தது. சளி? அதை யாரும் தேடிப் போவதில்லை. ஆங்கிலம் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதே இல்லை. முன்னால் இல்லை, இப்போது இருக்கிறது, அவ்வளவு போதும் அதற்கு.

தமிழில் அப்படி நழுவ முடியாது. கடிதம் வந்தது. டிக்கெட் வாங்கினேன், அல்லது டிக்கெட் கிடைத்தது (இந்த இரண்டுக்கும் இடையில் எத்தனை தூரம் என்று கடைசி நிமிடத்தில் பயணம் கிளம்பியவர்களைக் கேளுங்கள்). வேலை கிடைத்தது. சளி பிடித்தது. கடைசியில் பாருங்கள், ஆங்கிலேயன் சளியைப் பிடிக்கிறான், நம்மைச் சளி பிடிக்கிறது. 'கிடைத்தது' என்றால் 'நான்' போய் 'எனக்கு' வந்துவிடுகிறது. நான் வாக்கியத்தின் தலைவன் இல்லை, வாங்கிக்கொள்ளும் ஓரத்தில் நிற்கிறவன்.

ஆக, ஆங்கிலத்தில் ஒரு வினைக்கு ஐம்பது பொருள் என்பதைவிட, தமிழ் கேட்கும் ஒரு கேள்வியை அந்த வினை கேட்பதில்லை என்று வைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது. மொழிபெயர்க்கிறவன் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்.

பிப்ரவரி 5

'ஆகு என்ற பொருளை விட்டுவிட்டீர்களே' என்று ஒருவர். விடவில்லை, வருகிறேன். 'கெட் டயர்ட்', 'கெட் ஓல்ட்', 'கெட் டார்க்', 'கெட் ஆங்ரி'. இதற்கெல்லாம் 'ஆகு' போட்டு நிரப்பலாம் என்று பாடப் புத்தகம் சொல்லும். போட்டால் 'இருட்டு ஆகிறது', 'கோபம் ஆகிறேன்' என்று வரும். யார் அப்படிப் பேசுகிறார்கள்? இருட்டுகிறது. கோபம் வருகிறது. களைத்துப் போனேன். வயதாகிறது (இங்கே மட்டும் 'ஆகு' சரி). தமிழில் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி வாசல் இருக்கிறது. கோபம் வரும், தூக்கமும் வரும், சலிப்பு தட்டும், பசி எடுக்கும், பைத்தியம் பிடிக்கும். எது வரும் எது எடுக்கும் எது பிடிக்கும் என்பதற்கு நான் ஒரு விதியும் கண்டதில்லை. தமிழ் கற்கும் வெளிநாட்டு நண்பர் ஒருவர் 'எனக்குப் பசி பிடித்தது' என்றார். சிரித்தேன், ஆனால் ஏன் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'கெட்'டை நாம் திட்டும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 5, இரவு

சின்ன இடைச்செருகல். 'கெட்'டின் இறந்தகாலத்தைத் தமிழில் 'காட்' என்று எழுதுகிறோம். கடவுளுக்கும் 'காட்' தான். ஒரு வரைவில் 'ஓ மை காட், ஐ காட் இட்' என்று ஒலிபெயர்த்து வைத்திருந்தேன்; பிழை பார்த்தவர் இரண்டாவது 'காட்'டுக்கும் பக்கத்தில் 'கடவுள்?' என்று குறித்திருந்தார். 'கெட்' பக்கம் போனாலும் நிம்மதி இல்லை. தலைப்பைப் பார்த்துவிட்டுக் கெட்ட வார்த்தை விவாதம் என்று நம்பி உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும்.

பிப்ரவரி 6

தலைப்பு ஏன் அப்படி வைத்தேன் என்று சொல்லவில்லை. பள்ளியில் எங்கள் ஆங்கில ஆசிரியருக்கு 'காட்' கண்ணில் பட்டாலே ஆகாது. சிவப்பு மையில் வட்டம். 'சோம்பேறிச் சொல்' என்பார். 'காட் எ லெட்டர்' என்றால் 'ரிசீவ்ட்' போடு, 'காட் ஆங்ரி' என்றால் 'பிகேம்' போடு, 'காட் தேர்' என்றால் 'ரீச்ட்'. நான் நல்ல பிள்ளையாகக் கட்டுரை முழுக்க 'ரிசீவ்', 'அப்டெய்ன்', 'அக்வயர்' என்று போட்டு நிரப்பினேன், மதிப்பெண்ணும் வந்தது. பல வருடம் கழித்து ஆங்கிலம் தாய்மொழியான ஒருவருக்கு 'ஐ ரிசீவ்ட் எ கோல்ட்' என்று கடிதம் எழுதினேன். சளிக்கு ரசீது போட்டுக் கொடுத்தார்களா என்று கேட்டு எழுதினார்.

ஆசிரியர் சொன்னது முழுக்கத் தப்பு என்று சொல்லமாட்டேன். அலுவலகக் கடிதத்தில், ஆய்வுக் கட்டுரையில் 'கெட்' குறைவாக வருவது உண்மைதான். ஆனால் அது மரியாதை சம்பந்தப்பட்டது, சோம்பல் சம்பந்தப்பட்டது அல்ல. வீட்டில் பேசுகிறவன் 'பெற்றுக்கொண்டேன்' என்பானா? அந்தச் சொல்லை நீக்கிய ஆங்கிலம் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு தூங்குகிற மாதிரி.

பிப்ரவரி 8, காலை

4ஆம் தேதிக் குறிப்பில் ஜம்பமாக ஒன்று சொன்னேன், தமிழில் நழுவ முடியாது என்று. அதற்கு ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார்: 'அடி வாங்கினான் என்பதில் அவன் என்ன செய்தான்?'

உட்கார வைத்துவிட்டார். நேற்று முழுக்க 'வாங்கு' பின்னால் அலைந்தேன். அடி வாங்கினான். திட்டு வாங்கினேன். நல்ல பேர் வாங்கினாள், கெட்ட பேரும் வாங்கினாள். மதிப்பெண் வாங்கினான். மூச்சு வாங்குகிறது. காற்று வாங்கப் போனேன். கண் வாங்காமல் பார்த்தான். வேலை வாங்கினான் (இவன் வேலைக்குச் சேர்ந்தவன் அல்ல, மற்றவன் முதுகில் ஏறி உட்கார்ந்தவன்). வேலை வாங்கிக் கொடுத்தார் (இவர் சிபாரிசு செய்த பெரிய மனிதர்). உயிரை வாங்காதே. பின்வாங்கினான். பழி வாங்கினான். இந்தக் கடைசி ஒன்றுக்கு ஆங்கிலத்தில் பாருங்கள்: 'ஐ வில் கெட் யூ'. வில்லன் சொல்லும் வசனம். இரண்டு மொழியும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ஆக நம்மிடமும் ஒரு 'கெட்' இருக்கிறது, அதன் பெயர் 'வாங்கு'. காசு கொடுத்து வாங்குவது அதன் ஒரு மூலை மட்டும்.

ஆனால் முழுக்கத் தோற்றேன் என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. 'திட்டு வாங்கினேன்' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'திட்டு கிடைத்தது' என்று சொல்லிப் பாருங்கள். முதலாவதில் நான் எதையோ செய்து தொலைத்திருக்கிறேன் என்ற வாடை அடிக்கிறது. இரண்டாவது கிண்டல்; பாராட்டை எதிர்பார்த்துப் போனேன், கிடைத்தது இது. அடி வாங்கினவன் மேலும் கொஞ்சம் பழி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவன் அடிக்கவில்லைதான், ஆனால் அந்த அடி அவன் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. எனவே திருத்தம்: தமிழில் நழுவலாம், கொஞ்சம் தடயம் விட்டுவிட்டு.

பிப்ரவரி 8, மாலை

கல்யாணத்தை விட்டுவிட்டேன். 'ஹி காட் மேரிட்.' அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. அவன் கல்யாணம் பண்ணிக்கொண்டான். இரண்டும் சரி, ஆனால் இரண்டாவதைக் கேட்டதும் அம்மாக்கள் 'யாரை?' என்று நிமிர்ந்து உட்காருவார்கள். எந்த வாக்கியத்தை எழுதுவது என்று முடிவு செய்ய நான் ஒருமுறை முழுப் படத்தையும் பார்க்க வேண்டி வந்தது.

பிப்ரவரி 9

'அகராதியில் பெறு என்று போட்டது தப்பா' என்று கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். தப்பில்லை. நான்தான் அந்தச் சொல்லை மதிக்காமல் தள்ளிவிட்டேன். எழுத்துத் தமிழில் 'பெறு' கிட்டத்தட்ட 'கெட்' மாதிரியே உழைக்கிறது. விருது பெற்றார், ஓய்வு பெற்றார், விடை பெற்றார், குணம் பெற்றார், விழா நிறைவு பெற்றது. கடைசியில் யார் எதைப் பெற்றார்கள்? ஒன்றுமில்லை, விழா முடிந்தது, அவ்வளவுதான்.

இதைவிட வேடிக்கை பேச்சில் இருக்கிறது. பேச்சுத் தமிழில் 'பெறு' ஏறக்குறைய ஒரே வேலைக்குத்தான் மிச்சம் இருக்கிறது: பிள்ளை பெறுவது. பெத்த மனசு, பெத்தவங்க. பெற்றோர் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். ஆங்கிலத்தில் 'பிகெட்' என்று ஒரு பழைய வினை உண்டு, பிள்ளையைப் பெறுதல். அதற்குள்ளே 'கெட்' உட்கார்ந்திருக்கிறது! 1611-இல் வந்த ஆங்கில வேதாகமத்தில் ஏவாள் முதல் பிள்ளை பிறந்ததும் 'ஐ ஹேவ் காட்டன் எ மேன்' என்கிறாள். தமிழ் வேதாகமத்தில் 'ஒரு மனுஷனைப் பெற்றேன்'. அந்த ஒரு இடத்தில் 'கெட்'டுக்குப் 'பெறு' போட்டதை யாராலும் குறை சொல்ல முடியாது.

வரலாறு கேட்டவருக்குச் சுருக்கமாக: 'கெட்' வட ஐரோப்பாவின் ஸ்காண்டிநேவியர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த 'கெட்டா' என்ற பழைய நார்ஸ் வினை. 'டேக்' கூட அவர்கள் கொண்டுவந்ததுதான். பழைய ஆங்கிலத்தில் இதன் உறவுச் சொல் முன்னொட்டோடு சேர்ந்துதான் பெரும்பாலும் வரும். 'ஃபர்கெட்' அப்படி வந்தது. கையில் பிடித்திருந்ததை நழுவவிடுவதுதான் மறதி. இன்னும் பின்னால் போனால் லத்தீனில் 'பிடி' என்று பொருள்படும் வினையும் இதே வேரைச் சேர்ந்தது, 'காம்ப்ரிஹெண்ட்' என்ற சொல் அங்கிருந்து வந்தது. ஆக 'ஐ டோன்ட் கெட் இட்' என்பது கொச்சை, 'ஐ டோன்ட் காம்ப்ரிஹெண்ட்' என்பது படித்தவர் பேச்சு என்று என் ஆசிரியர் பிரித்தாரே, இரண்டும் ஒரே வேர்! தமிழில் 'எனக்குப் பிடிபடவில்லை' என்கிறோம். இங்கேயும் பிடிதான். புரிதல் என்றாலே கைக்குள் வருவது என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

கணினிக்காரர் ஒருவர், 'எங்கள் கெட்டை மறந்துவிட்டீர்கள்' என்கிறார். ஃபர்கெட் செய்யவில்லை ஐயா. வலைப்பக்கங்களைக் கொண்டுவந்து தரும் எச்.டி.டி.பி. நெறிமுறையின் முதல் வடிவத்தில், 1991-இல், இருந்த ஒரே கட்டளை 'கெட்'. பக்கத்தைக் கேள், வாங்கிக்கொள். இந்தக் குறிப்பை நீங்கள் படிப்பதும் ஒரு 'கெட்' தயவில்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. 'கெட்' பெயர்ச்சொல்லாக வரும்போது விலங்கின் குட்டி, ஈன்றது என்று பொருள். அது மனிதர் மேல் ஏறி, முறைகேடாகப் பிறந்தவன் என்ற வசையாகி, 'கிட்' என்று திரிந்து பிரிட்டனில் 'மடையன்' என்ற அளவுக்குத் தணிந்தது. 2005-இல், லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், நிரல்களில் செய்யும் மாற்றங்களுக்குக் கணக்கு வைக்கும் தன் புது மென்பொருளுக்கு அந்தப் பெயரை வைத்தார். நான் எல்லாவற்றுக்கும் என் பெயரைத்தான் வைப்பேன், முதலில் லினக்ஸ், இப்போது கிட் என்று கிண்டலாகச் சொல்லிக்கொண்டார். அப்படிப் பார்த்தால் தலைப்பு ஒன்றும் அவ்வளவு தப்பில்லை.

பிப்ரவரி 11

'காட்டன்' சரியா, 'காட்' சரியா என்று மூன்று பேர். இதில் சண்டை வேண்டாம். பழைய வடிவம் 'காட்டன்'தான், ஏவாள் வாக்கியத்தில் பார்த்தோமே. பிரிட்டனில் அது தேய்ந்துபோனது, அமெரிக்காவில் நின்றுவிட்டது. நிறைய பேர் இதை அமெரிக்கர்கள் கெடுத்த ஆங்கிலம் என்று நினைக்கிறார்கள், உண்மை தலைகீழ். பிரிட்டனில் இருப்பவர்களும் 'ஃபர்காட்டன்' என்று தினம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அமெரிக்கர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு காரியமும் செய்கிறார்கள். 'ஐவ் காட் எ டிக்கெட்' என்றால் என்னிடம் டிக்கெட் இருக்கிறது. 'ஐவ் காட்டன் எ டிக்கெட்' என்றால் டிக்கெட் வாங்கிவிட்டேன். முதலாவது இருப்பு, இரண்டாவது செயல். இதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை, இரண்டுக்கும் 'வாங்கியிருக்கிறேன்' என்றே எழுதிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, 'வாங்கியிருக்கிறேன்' இரண்டு பக்கமும் ஒப்பேறும்.

பிப்ரவரி 12

முடி வெட்டு. 'ஐ காட் மை ஹேர் கட்.' வெட்டியது வேறொருவர், அதனால் 'வெட்டுவித்தேன்' என்று எழுத வேண்டும் என்று ஒரு நண்பர் அடம் பிடிக்கிறார். இலக்கணம் அவர் பக்கம். ஆனால் நாம் 'முடி வெட்டிக்கொண்டேன்' என்கிறோம், நீயேவா வெட்டிக்கொண்டாய் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் 'கொள்' இருக்கிறதே, அது யார் வெட்டினார்கள் என்று பார்ப்பதில்லை, பலன் யாருக்கு என்று பார்க்கிறது. மாட்டிக்கொண்டான், விரலை நறுக்கிக்கொண்டேன், பெயரைக் கெடுத்துக்கொண்டான். இவை எல்லாமே ஆங்கிலத்தில் 'கெட்' போட்டுச் சொல்லக்கூடியவை அல்லது அதற்குப் பக்கத்து வீட்டில் இருப்பவை. 'காட் காட்' என்றால் மாட்டிக்கொண்டான். (இல்லை, எழுத்துப் பிழை இல்லை. முதலாவது 'கெட்'டின் இறந்தகாலம், இரண்டாவது 'கேட்ச்'சின் இறந்தகாலம். தமிழ் எழுத்து கைவிட்டுவிட்டது.)

'காட் ஃபயர்ட்' என்பதற்கு மட்டும் 'கெட்' பக்கமே போகவேண்டாம். வேலை போயிற்று. அதைத் தாண்டி ஒரு சொல் எழுதினாலும் அதிகம்.

பிப்ரவரி 14

கேள்வியில் இருந்த 'ஐ காட் டு ஸ்டே ஹோம்' பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதே மாதிரி ஒரு வரியோடு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது, அதனால்தான் தள்ளிப்போட்டேன்.

ஒரு படத்தில் ஏழெட்டு வயதுச் சிறுமி தன் தோழியிடம் சொல்கிறாள், 'ஐ காட் டு ஸ்டே ஹோம்'. அவசர வேலை, எனக்கு எழுத்து மட்டும்தான் அனுப்பியிருந்தார்கள், காட்சி வரவில்லை. 'நான் வீட்டிலேயே இருக்க வேண்டியதாகிவிட்டது' என்று எழுதினேன். பாவம், குழந்தை எங்கேயோ போக ஆசைப்பட்டிருக்கிறது, விடவில்லை என்று நானே கற்பனை செய்துகொண்டேன். 'ஹேவ் காட் டு' என்றால் கட்டாயம் என்று படித்திருந்தேனே. 'காட் டு' என்றால் அதன் இறந்தகாலம் என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டு பக்கமும் போகக்கூடிய வாக்கியம் இது, நான் ஒரு பக்கம் போனேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 15, காலை

இல்லை. இரண்டு பக்கமும் போகாது என்று இரவே ஒருவர் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வது சரி. கட்டாயத்துக்கு இறந்தகாலம் 'ஹேட் டு'. 'காட் டு' என்பது கட்டாயமாக வரும் என்றால் அது நிகழ்காலத்தில் மட்டும், 'ஐவ் காட் டு கோ' என்பதில் அந்த 'வ்' தேய்ந்துபோய் 'ஐ காட் டு கோ', இன்னும் தேய்ந்து 'ஐ காட்டா கோ'. போயே ஆகவேண்டும். ஆனால் நடந்து முடிந்ததைச் சொல்லும்போது 'ஐ காட் டு கோ' என்றால் ஒரே பொருள், போகிற வாய்ப்பு வாய்த்தது. அதே நான்கு சொல், ஒன்றில் காலில் விலங்கு, இன்னொன்றில் கையில் பரிசு. சிறுமி பேசியது முந்தைய நாள் கதை. ஆகவே அவள் அழவில்லை, பீற்றிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் எங்கேயோ இழுத்துக்கொண்டு போகப்பட்டார்கள், அவள் மட்டும் தப்பித்து வீட்டில் இருந்தாள்.

நான் ஒரு குழந்தையின் குஷியைத் துக்கமாக மாற்றிவிட்டேன். இத்தனை வருடம் அதைப் பொதுவான ஆங்கிலக் குழப்பம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன், நேற்றும் அப்படித்தான் எழுதினேன்.

பிப்ரவரி 15, மதியம்

ஒட்டுச் சொற்கள் கேட்டவர்களுக்கு, மூச்சு விடாமல்: 'கெட் பை' காலம் தள்ளுவது. 'கெட் ஓவர் இட்' விட்டுத் தள்ளு. 'கெட் அவே வித்' செய்துவிட்டு நழுவுவது. 'கெட் டு மீ' என்றால் மனசை அரிக்கிறது. 'வாட் ஆர் யூ கெட்டிங் அட்' என்றால் என்ன சொல்ல வருகிறீர்கள் (நாம் வருகிறோம், அவர்கள் போய்ச் சேருகிறார்கள்). 'கெட் இன்', 'கெட் ஆன்' இரண்டும் நமக்கு ஏறு. அவர்களுக்குக் கார் என்றால் 'இன்', பேருந்து, ரயில், விமானம் என்றால் 'ஆன்'. உள்ளே நின்று நடக்க முடிந்தால் 'ஆன்' என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஒத்து வரும். 'யூ காட் மீ' மட்டும் ஆபத்து: ஏமாற்றிவிட்டாய், மடக்கிவிட்டாய், எனக்குத் தெரியாது, மூன்றும் அதுதான்.

'கெட் லாஸ்ட்'டுக்கு மூளையைக் கசக்கவேண்டாம். தொலைந்து போ. சொல்லுக்குச் சொல் அப்படியே உட்காருகிறது. மனிதர்களை விரட்டுவதில் எல்லா மொழிக்கும் ஒரே கெட்டிக்காரத்தனம்.

பிப்ரவரி 19

கேள்வி கேட்டவர் மறுபடி: 'சரி, வாய்ப்பு என்று தெரிந்துவிட்டது, தமிழில் எப்படி எழுதுவது?' நாலு நாளாக இதே வேலையாக இருந்தேன்.

'வீட்டில் இருக்கும் வாய்ப்பு கிடைத்தது': அந்த வயதுக் குழந்தை இப்படிப் பேசினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 'வீட்டிலேயே இருக்க விட்டாங்க': பேச்சு சரியாக இருக்கிறது, ஆனால் 'விட்டாங்க' என்றதும் யார் விட்டார்கள் என்று ஒரு அப்பா அம்மா வந்து நிற்கிறார்கள், ஆங்கிலத்தில் அவர்கள் இல்லை. 'ஜாலியா வீட்டில இருந்தேன்': 'ஜாலி' நான் போட்டது, அவள் போட்டதில்லை. ஒருவர் 'எனக்கு மட்டும் லீவு' என்று எழுதச் சொன்னார், நன்றாகவே இருக்கிறது, ஆனால் அடுத்த வரியில் தோழி 'லக்கி' என்கிறாள், அதற்குள் எல்லாம் சொல்லி முடித்த மாதிரி ஆகிவிடுகிறது.

பழைய கோப்பைத் தேடி எடுத்து, இந்த முறை படத்தோடு பார்த்தேன். சிறுமி தரையில் உட்கார்ந்து ஷூ நாடாவை முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறாள், தோழியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, 'ஹோம்' என்ற சொல்லை மட்டும் இழுக்கிறாள். அந்த இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. சொல்லைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு அப்புறம்தான் உறைத்தது, தமிழ்க் குழந்தை பீற்றிக்கொள்ள ஒரு தனி வினையைத் தேடாது, இருக்கிற வினையின் வாலை இழுக்கும்.

'நான் வீட்டிலேயே இருந்துட்டேனே!'

'லக்கி'க்கு அடுத்த வரியில் 'போடீ!' என்று எழுதியிருக்கிறேன். அதில் யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.